அடிவயிற்றில் குளிர்

மொராக்கோவின் சஃபி துறைமுகத்து மீன் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரே ஒரு வியாதிதான் உண்டு. அதற்குப் பெயர் குளிர். இடுப்பு வலித்தால் குளிர். தீட்டு தள்ளிப்போனாலும் குளிர், முந்தி வந்தாலும் குளிர். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் வீட்டில் குழந்தை அழும் சத்தம் கேட்கவில்லை என்றால், கர்ப்பப்பையில் குளிர் ஏறி உட்கார்ந்துவிட்டது என்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. படகுகள் கரை சேர்ந்ததும் ஆலையிலிருந்து கைப்பேசியில் அழைப்பு வரும். போட்டது போட்டபடி ஓடிப்போய், ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஈரத் தரையில் நின்றபடி மத்தி மீனின் தலையைக் கிள்ளி, குடலை உருவி, டப்பாவில் அடுக்க வேண்டும். ஐஸ் கரைந்த தண்ணீர் மேசை விளிம்பிலிருந்து வயிற்றிலும் முழங்காலிலும் சொட்டிக்கொண்டே இருக்கும். அப்படி நிற்கிறவளிடம் போய் உனக்குக் குளிர் ஏறவில்லை என்று யார் சொல்வது?

ஹஸ்னாவும் அதைத்தான் நம்பியிருந்தாள்.

அவள் அடுக்கும் டப்பாவை மேற்பார்வைக்காரி திறந்துகூடப் பார்ப்பதில்லை. வாலும் தோளும் மாற்றி மாற்றி, வெள்ளி வயிறு மேலே தெரியும்படி, ஒரு மீன் கூட மடங்காமல் இருக்கும். வேகத்தில் அவளை மிஞ்சுகிறவர்கள் இருந்தார்கள், சுத்தத்தில் இல்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பிடிவாதமும் கூடவே பிறந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை அவர்கள் வீட்டுக் கோழியைத் தன்னுடையது என்று பிடித்து அடைத்துவிட்டார். பெரியவர்கள் போய்க் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். பள்ளிக்கூடத்துச் சிறுமியாக இருந்த ஹஸ்னா அவர் வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. மழை வந்தது, நனைந்தாள். அந்தி சாய்வதற்குள் கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். அவளுடைய அக்கா துரியா இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் எழுந்திருப்பதில்லை.

மஹ்ஜூப் படகுக்காரன். மத்திக் கூட்டம் தெற்கே நகர்ந்தால் இவனும் டாக்லா துறைமுகம்வரை போய்விடுவான். மாதக் கணக்கில் கடல், பிறகு சில வாரம் வீடு. நல்ல உழைப்பாளி, சிரிக்கச் சிரிக்கப் பேசுவான், கையில் காசு இருந்தால் யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டான். வீட்டில் அவனுடைய அம்மா ருகையா மட்டும். ஊரே அவளை லல்லா என்று மரியாதையாக அழைத்தது. மருமகளும் அப்படியே அழைத்தாள். மஹ்ஜூப் அவளுக்கு ஒரே பிள்ளை.

கல்யாணமான முதல் வருஷம் ஒரு கரு தங்கிக் கலைந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. வலிதான் வந்தது. மஹ்ஜூப் கடலிலிருந்து வந்து சில நாளில் ஹஸ்னாவின் அடிவயிறு கனக்கத் தொடங்கும். கயிற்றைப் போட்டு இரண்டு பக்கமும் இழுப்பது போல் இருக்கும். அவனோடு படுத்தால் உள்ளே குத்தும். தீட்டு இல்லாத நாளிலும் துணியில் கறை தெரியும். இதற்கெல்லாம் அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. கணவன் வீட்டில் இருக்கும் நாட்களில் காலையில் மார்க்க முறைப்படி ஹம்மாமுக்குப் போய்த் தலை முழுகியாக வேண்டும். வெந்நீரும் ஆவியுமாக இருக்கும் அந்தக் குளியல் வீட்டை விட்டு ஈரத் தலையோடு தெருவில் இறங்கினால் துறைமுகத்துக் காற்று முகத்தில் அறையும். குளிர் ஏறுவதற்கு வேறென்ன வேண்டும்? கணவன் வந்தால் குளியல், குளியலுக்குப் பின் காற்று, காற்றுக்குப் பின் வலி. கணக்கு சரியாகவே இருந்தது.

வாடையும் இருந்தது. அதை அவள் வியாதியோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை. மத்தி ஆலையில் வேலை செய்கிறவளின் தலைமுடியும் நகக்கண்ணும் தலையணையும் மத்தி வாடை அடிக்கத்தான் செய்யும். உள்ளாடையிலும் அதே வாடை வந்தபோது அதையும் ஆலையின் கணக்கில் எழுதிவிட்டாள். கையை எலுமிச்சை தேய்த்துக் கழுவுகிற மாதிரி, உடம்பின் உள்ளேயும் வினிகர் கலந்த தண்ணீரை விட்டுக் கழுவினாள். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யாதவள் இதையும் தினம் தவறாமல் செய்தாள்.

லல்லாவின் வைத்தியம் தனி. நாட்டு மருந்துக் கடையிலிருந்து காரமான சரக்குகளை வாங்கி இடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தாள். கொதிக்கும் மூலிகைப் பானையின் மேல் ஜெல்லாபா என்கிற நீள அங்கியைப் போர்த்தி உட்காரவைத்து ஆவி பிடிக்கச் செய்தாள். ஆட்டு ரோமத்தைத் திரித்து, இடித்த சரக்கிலும் எண்ணெயிலும் தோய்த்து உள்ளே வைத்துக்கொள்ளச் சொன்னாள். சூடு பட்டால் வலி கொஞ்சம் அடங்கியது. அடங்கினதால் அது குளிர்தான் என்பது இன்னும் உறுதியானது. வலி தாங்காத சமயங்களில் மருந்துக் கடையில் சொல்லி ஏதோ காப்ஸ்யூல் வாங்கி விழுங்குவாள். வலி போனதும் மிச்சத்தை அலமாரியில் வைத்துவிடுவாள்.

போன மாரிக்காலத்தில் மஹ்ஜூப் கரைக்கு வந்திருந்தபோது, ஆலையில் மேசை முன்னால் நின்றபடியே ஹஸ்னா சரிந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. பக்கத்தில் நின்ற இஸ்ஸா அவளைத் தாங்கிப் பிடித்து உடை மாற்றும் அறைக்கு இழுத்துப்போய்ப் படுக்கவைத்தாள். இஸ்ஸாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். சூடாக்கின செங்கல்லைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, "இத வயித்துல வெச்சுக்க. உன் புருஷன் வந்தா எல்லாருக்கும் மீனு வருது, உனக்கு மட்டும் காய்ச்சல் வருது" என்றாளாம். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஹஸ்னாவால் சிரிக்க முடியவில்லை. அந்த வாக்கியம் மட்டும் மண்டைக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. உன் புருஷன் வந்தால் உனக்குக் காய்ச்சல்.

செய்தி கேட்டு வந்த துரியா செங்கல்லைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, தங்கையை வாடகைக் காரில் ஏற்றி நேரே சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனாள்.

அங்கே இருந்தவர் டாக்டர் வஃபா. சின்ன வயதுதான், ஆனால் அவசரப்படாத பெண்மணி. முதலில் சிறுநீரைச் சோதித்து, கரு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு கையுறை மாட்டி உள்ளே பார்க்கையில், கர்ப்பப்பையின் வாயை விரல் லேசாக அசைத்ததுமே ஹஸ்னா கட்டிலை விட்டு எழும்பிவிட்டாள். டாக்டர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இந்த வலி எப்போதெல்லாம் கூடுகிறது என்று விசாரித்தார். ஹஸ்னா தன் கணக்கைச் சொன்னாள்: கணவன் வருவது, ஹம்மாம், ஈரத் தலை, காற்று. டாக்டர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார்.

"கணக்கு சரிதாம்மா. நடுவுல இருக்கிற ஹம்மாமையும் காத்தையும் மட்டும் எடுத்துடுங்க" என்றார்.

ஹஸ்னா மனதுக்குள் எடுத்துப் பார்த்தாள். மீதி நின்றது இரண்டு: கணவன் வருவது, வலி வருவது.

டாக்டர் ஒரு தாளில் பேரிக்காய் போல ஒன்றை வரைந்தார். அதன் தோளிலிருந்து இரண்டு கைகள் நீண்டன. பேரிக்காய் கர்ப்பப்பை, கைகள் கருக்குழாய்கள். கிருமி கீழே வாசலில் நுழைந்து, படியேறி, கர்ப்பப்பையைத் தாண்டி அந்தக் குழாய்களுக்குள் போய்ப் புண்ணாக்குகிறது. புண் ஆறும்போது தழும்பு விழும். தழும்பு விழுந்த குழாயில் வழி குறுகும், அடைத்தும் போகலாம். ஒவ்வொரு முறை வரும்போதும் தழும்பு கூடும். கிருமி பெரும்பாலும் கணவன் மனைவி சேர்வதில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போவது. சில சமயம் அப்படி இல்லாமலும் வரும். வினிகர் தண்ணீரால் கழுவுவது உடம்பின் சொந்தக் காவலைக் கெடுத்து, கிருமி மேலே ஏற வழி விடுகிறது. ரோமத் திரியும் அப்படித்தான். குளிருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

துரியா தாளைத் தன் பக்கம் திருப்பி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹஸ்னா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். இனிமேல் தனக்குப் பிள்ளை பிறக்குமா?

"இப்பவே முழுசா வைத்தியம் பண்ணிட்டா வாய்ப்பு இருக்கு. இன்னும் ரெண்டு மூணு தடவை வர விட்டீங்கன்னா நான் எந்த வார்த்தையும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "உங்களுக்கு இன்னிக்கு ஊசி, அப்புறம் ரெண்டு வாரம் மாத்திரை. வலி போயிடுச்சேன்னு நடுவுல நிறுத்தக் கூடாது. மூணு நாள்ல மறுபடி வந்து காட்டணும், காய்ச்சல் ஏறினா உடனே வரணும். உங்க கணவரும் வந்து வைத்தியம் எடுத்துக்கணும். ரெண்டு பேரும் முடிக்கிற வரைக்கும் சேரக் கூடாது. அவர் எடுத்துக்கலன்னா நீங்க எடுத்துக்கிட்டதும் வீண்."

"அவருக்கு ஒண்ணும் இல்லையே டாக்டர்."

"ஆம்பளைங்களுக்கு வெளிய தெரியாமயும் இருக்கும். யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு இந்த வியாதி சொல்லாதும்மா. வருஷக்கணக்கா சத்தமே இல்லாம ஒரு உடம்புல கிடக்கும். அதனால போய் சண்டை போடாதீங்க. கூட்டிட்டு வாங்க."

படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஹஸ்னா வெளியே வந்தாள். ஊசி போட்ட இடம் வலித்தது. அவள் நொண்டிக்கொண்டு நடந்ததைப் பார்த்து துரியாவுக்குக் கண் கலங்கியது. "கோழியைக் கொண்டு வந்தவதானேடி நீ" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் மஹ்ஜூப் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தான். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு, எழுந்து அவளுக்குத் தலையணை வைத்தான். புதினாத் தேநீர் அவனே போட்டுக் கொடுத்தான். அவள் டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க அவன் முகம் இறுகியது.

"உனக்குக் குளிர் ஏறினதுக்கு எனக்கு எதுக்கு ஊசி?"

"குளிர் இல்ல மஹ்ஜூப். கிருமி. ரெண்டு பேருக்கும் பாக்கணும்."

"நான் நல்லாத்தான இருக்கேன். அந்தப் பொம்பளைங்க வரிசையில போய் நான் உக்காரணுமா? துறைமுகம் பூரா சிரிக்கும்."

"நீ படகுல மீன் ஐஸ் மேலயே படுத்துத் தூங்கறவன். குளிர்னால வர்ற வியாதின்னா முதல்ல உனக்கு இல்ல வந்திருக்கணும்?"

இது பெண்கள் வியாதி என்றான். அந்த டாக்டர் சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும் என்றான். பிறகு வலையைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நீ என்னைச் சந்தேகப்படறியா?" என்று கேட்டான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஹஸ்னா இந்தக் கேள்விக்காகத்தான் தன்னைத் தயார் செய்துகொண்டு வந்தாள். டாக்லாவில் படகுக்காரர்கள் எங்கெல்லாம் போவார்கள் என்று ஆலையில் பேச்சு உண்டு. அந்தப் பேச்சின் நுனியைப் பிடித்து இழுத்தால் எதில் போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். அழுகை, சத்தியம், துரியா வீட்டுக்குப் பெட்டி. இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் கிருமி அங்கேயேதான் இருக்கும்.

"நீ எங்க போன, யார்கூட இருந்தன்னு நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன்" என்றாள். "எனக்குச் சந்தேகம் வேணாம். புள்ள வேணும். ஊசி போட்டுக்க, மாத்திரைய முழுங்கு. அதுவரைக்கும் என் படுக்கை லல்லா ரூம்ல."

சொன்னபடியே தன் போர்வையைச் சுருட்டிக்கொண்டு மாமியார் அறைக்குப் போனாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த லல்லாவுக்கு இது பிடிக்கவில்லை. மாதக் கணக்கில் கடலில் கிடந்துவிட்டு வந்திருக்கிற பிள்ளையை விட்டுவிட்டு மருமகள் தன் அறையில் வந்து படுத்தால் அக்கம்பக்கம் என்ன பேசும்? புருஷன் வீட்டு வாசலை விட்டு வெளியே போகாத வரைக்கும் யாரும் எதுவும் பேச முடியாது லல்லா என்று ஹஸ்னா சொல்லிவிட்டாள். காலையில் எழுந்து ரொட்டி சுட்டாள், மஹ்ஜூப்பின் சட்டையைத் துவைத்தாள், அவனுக்குப் பிடித்த மாதிரி மிளகாய் தூக்கலாக மீன் குழம்பு வைத்தாள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. தன் மாத்திரைகளை வேளை தவறாமல் விழுங்கினாள். சாப்பிட்டால் வாயெல்லாம் தகரத்தைச் சப்பினது போலிருந்தது, குமட்டியது. விழுங்கினாள். மூன்றாம் நாள் டாக்டரிடம் போய்க் காட்டினாள். காய்ச்சல் விட்டிருந்தது. வலி பாதியாக இறங்கியிருந்தது. கணவன் எங்கே என்று டாக்டர் கேட்டார். வருவார் என்றாள்.

மஹ்ஜூப் முதலில் கேலி செய்து பார்த்தான், பிறகு கோபப்பட்டான், பிறகு வெளியே போய்க் காப்பிக்கடையிலேயே உட்கார்ந்திருந்தான். ஒருநாள் அம்மாவின் அறை வாசலில் நின்று, இப்படியே இருந்தால் படகுக்குத் திரும்பிவிடுவேன் என்றான். போய் வா, வந்த பிறகும் இதேதான் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

லல்லாவின் அறையில் சுவரை ஒட்டி இரண்டு நீள மெத்தைகள். ஒன்றில் மாமியார், ஒன்றில் மருமகள். ஒரு மத்தியானம் அவரைக்காய் உரித்துக்கொண்டிருக்கும்போது லல்லா அந்தப் படத்தைக் காட்டு என்றாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். தாளை வெளிச்சத்தில் பிடித்து, பேரிக்காயையும் அதன் இரண்டு கைகளையும் விரலால் தடவினாள். அப்புறம் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். மஹ்ஜூப் பிறந்த கையோடு அவளுக்கும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, வலி மட்டும் பல வருஷம் கூடவே இருந்தது. அடுத்த பிள்ளைக்காக எத்தனையோ பானை ஆவி பிடித்தாள். மஹ்ஜூப்பின் அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு எஸ்ஸவிராவில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். எல்லோரும் குளிர் என்றார்கள். அவளும் குளிர் என்றே சொல்லிக்கொண்டாள்.

"இந்தக் கை அடைச்சுக்கிச்சுன்னா அப்புறம் திறக்காதாமா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியல லல்லா. அடைக்காம பாத்துக்கணும்னாங்க."

லல்லா தாளை மடித்துக் கொடுத்துவிட்டு மறுபடி அவரையை எடுத்தாள்.

மறுநாள் காலை ஆகாரத்துக்கு மஹ்ஜூப் உட்கார்ந்தான். ஆலிவ் எண்ணெய்க் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளியபடி லல்லா சாதாரணமாக ஆரம்பித்தாள். "எனக்கு இப்பத்தான் விளங்குது. குளிர் இவளுக்கு ஆலையில ஏறல. நீதான் கொண்டாந்திருக்க."

மஹ்ஜூப் ரொட்டியோடு நிமிர்ந்தான்.

"மாசக்கணக்கா ஐஸ் மேல படுக்கிற. அந்தக் குளிரு உன் எலும்புல இறங்கி இருக்கு. நீ ஆம்பள, தாங்கிக்கிற. இவ தாங்குவாளா? ஊட்டுக்கு வந்து அவ மேல இறக்கிட்டுப் போற. அன்னிக்கி அவளே சொன்னா இல்ல, முதல்ல உனக்குத்தான் வந்திருக்கணும்னு."

"அம்மா, அந்த டாக்டர் சொன்னது குளிர் இல்ல, கிருமி..."

"அது எதுவா இருந்தா என்ன? டாக்டர் அதுக்கு ஊசி வெச்சிருக்காங்களாம். ஜெல்லாபாவ மாட்டு, போவோம்."

மஹ்ஜூப் தன் வாயாலேயே அது குளிர் இல்லை என்று சொல்லிவிட்டதைத் தாமதமாகத்தான் உணர்ந்தான். ஹஸ்னா தேநீர் ஊற்றுவதில் மும்முரமாக இருந்தாள். தான் முன்வைத்த நியாயத்தை லல்லா தலைகீழாகப் புரட்டி வைத்திருப்பதைக் கேட்டு அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. ஐஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று திருத்திவிட வேண்டும் போல் இருந்தது. லல்லா அவள் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். ஹஸ்னா குவளையை நிரப்பினாள்.

அன்றைக்கு சுகாதார நிலையத்தில் கண்டவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளும் உட்கார்ந்திருந்த பெஞ்சு நடுவில், தலைத்துணியை இழுத்துக் கட்டிய ஒரு வயதான பெண்மணி. அவள் பக்கத்தில், தோள் அகலம் கதவகலம் இருக்கிற படகுக்காரன் ஒருவன், தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு. எழுந்து போய்விடாமலிருக்க அவன் கையை அவள் பிடித்தபடியே இருந்தாள். டாக்டர் வஃபா அவனைத் தனியாக அழைத்துப் பேசினார். உள்ளே என்ன கேட்டார், அவன் என்ன சொன்னான் என்பது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். வெளியே வந்தபோது அவன் இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கையில் மாத்திரை. முகத்தில் இறுக்கம் போயிருந்தது. வாசலில் காத்திருந்த ஹஸ்னாவிடம் வந்து, "டாக்டர் நல்ல பொம்பளதான்" என்றான். அதற்கு மேல் அவன் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை.

வைத்தியம் முடிகிறதற்குள் படகிலிருந்து ஆள் வந்துவிட்டது. தெற்கே மத்திக் கூட்டம் தெரிகிறது, உடனே கிளம்ப வேண்டும். மஹ்ஜூப் பையைக் கட்டினான். மீதி மாத்திரையை ஹஸ்னா உப்புக் காற்று படாதபடி தேநீர் டப்பாவில் போட்டு, மூடியை மெழுகுத்துணியால் சுற்றி, அவன் சட்டைகளுக்கு நடுவே வைத்தாள். ஒன்று விட்டுப்போனாலும் லல்லா ரூம்தான் என்றாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

படகு கரையோரமாகப் போகும்போது அலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும். கூப்பிட்டான்.

"போட்டேன், போட்டேன். சமையக்காரன் என்ன மாத்திரைன்னு கேட்டான். ஐஸ் குளிருக்குன்னு எங்கம்மா சொன்னதையே சொல்லி வெச்சேன். இப்ப மூணு பேரு எனக்கும் குடுன்னு நிக்கிறானுங்க."

ஹஸ்னா சிரித்துவிட்டாள். உடனே சுதாரித்தாள். "ஒண்ணு கூட குடுத்துடாத. அது உன்னோடது. அவங்க ஊருக்கு வந்ததும் பொண்டாட்டியக் கூட்டிட்டு டாக்டர்கிட்ட போகச் சொல்லு. ரெண்டு பேரையும்."

"அத நான் எப்படிச் சொல்றது?"

"சொல்லிப் பாரு. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

தான் படகுக்காரர்களிடம் எதிர்பார்த்ததை ஆலையில் தானே செய்யாமலிருப்பது சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. ஒருநாள் வேலை முடிந்து உடை மாற்றும் அறையில் இஸ்ஸா வழக்கம்போல் சூடான செங்கல்லை வயிற்றில் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தாள். இஸ்ஸாவுக்கும் வலி, இஸ்ஸாவுக்கும் துணியில் மீன் வாடை. ஹஸ்னா பையிலிருந்து படத்தை எடுத்து பெஞ்சின் மேல் விரித்தாள். மடிப்பில் தாள் நைந்துபோயிருந்தது. கிருமி எங்கே நுழைகிறது, எங்கே ஏறுகிறது, எங்கே தழும்பு விழுகிறது என்று, மீன் அடுக்குகிற அதே நிதானத்தோடு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். வினிகரை நிறுத்தச் சொன்னாள். புருஷனும் மருந்து எடுக்க வேண்டும் என்றபோது அறையில் சிரிப்பு கிளம்பியது. என் புருஷன் ஊசியைப் பார்த்தால் கூரை மேல் ஏறிவிடுவான் என்றாள் ஒருத்தி. லல்லாவை வாடகைக்கு விடுவாயா என்றாள் இன்னொருத்தி. இஸ்ஸா சிரிக்கவில்லை.

"அப்ப இந்தச் செங்கல்லு?"

"வலிக்கு இதமா இருக்கும், வெச்சுக்க. ஆனா வயித்துக்குள்ள புண்ணு கூடிக்கிட்டே இருக்கும். நாளைக்கு என்கூட வா."

மறுநாள் மீன் வரவில்லை. இரண்டு பேரும் போனார்கள்.

மஹ்ஜூப் திரும்பி வந்து தேநீர் டப்பாவைத் திறந்து கவிழ்த்துக் காட்டினான். காலி. கடலில் கொட்டியிருக்கலாமே என்று லல்லா கேட்டாள். சத்தியம் செய்யட்டுமா என்றான். ஹஸ்னா சத்தியம் வேண்டாம் என்றாள். தன் உடம்பே சொல்லும் என்று காத்திருந்தாள். போர்வையைத் தங்கள் அறைக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். அவன் வந்து சில நாள் ஆயிற்று, ஹம்மாமுக்குப் போனாள், ஈரத் தலையோடு காற்றில் நடந்து வந்தாள். வலி வரவில்லை. அடுத்த முறை அவன் வந்தபோதும் வரவில்லை. டாக்டர் வஃபா அமுக்கிப் பார்த்த இடங்களில் அவள் முகம் சுளிக்கவில்லை. குழாய்களில் எவ்வளவு தழும்பு விழுந்திருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, எந்த உறுதியும் தரமாட்டேன் என்றார் டாக்டர். இன்னொன்றும் சொல்லிவைத்தார். நாள் தள்ளிப்போனால் சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது, உடனே வர வேண்டும். குழாயில் வழி குறுகியிருந்தால் கரு கர்ப்பப்பைக்கு வந்து சேராமல் அங்கேயே தங்கிவிடலாம். அது உயிருக்கே ஆபத்து.

மத்திக் காலம் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கியிருந்தது. ஹஸ்னாவுக்கு நாள் தள்ளிப்போனது. லல்லாவுக்குக் கூடச் சொல்லாமல், மேற்பார்வைக்காரியிடம் அரை நாள் கேட்டு வாங்கிக்கொண்டு, துரியாவோடு கிளம்பிவிட்டாள். டாக்டர் வஃபா அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஸ்கேன் எடுக்கிற அறையில் வயிற்றில் பசையைத் தடவியதும் சில்லென்று இருந்தது. எடுக்கிறவர் திரையைப் பார்த்துச் சிரித்து, வாழ்த்துகள் அம்மா, கரு இருக்கிறது என்றார். துரியா அழவே தொடங்கிவிட்டாள்.

ஹஸ்னா அசையாமல் படுத்திருந்தாள். "எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

எல்லோரும் கேட்கிற கேள்விகள் வேறு. எடுக்கிறவர் கையை நிறுத்தி அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் ஒரு பேரிக்காய். அதன் நடுவில், கைகளில் எங்கேயும் இல்லாமல் சரியாக நடுவில், ஒரு கறுப்புப் பொட்டு. பொட்டுக்குள் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது.

"கர்ப்பப்பைக்குள்ளதாம்மா. அது இருக்க வேண்டிய எடத்துல."

அதைக் கேட்ட பிறகுதான் ஹஸ்னா மூச்சு விட்டாள். அக்காவின் கை எங்கே என்று தேடினாள்.

சாயங்காலம் லல்லாவுக்கு விஷயம் சொன்னபோது அவள் எழுந்து போய் மரப்பெட்டியைத் திறந்தாள். தடித்த கம்பளிக் காலுறை ஒரு ஜோடி எடுத்து வந்து மருமகள் மடியில் போட்டாள். ஈரத் தரையில் நிற்கிறாய், குளிர் ஏறிவிடும் என்றாள். ஹஸ்னா மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். மறுநாள் அந்தக் காலுறையைப் போட்டு, அதன் மேல் பூட்ஸை மாட்டிக்கொண்டு மேசைக்குப் போனாள். காலுக்குச் சுகமாகத்தான் இருந்தது.